நாற்பது பெட்டிகளின் எடை

எனக்கு அப்போது பதினொரு வயது. அரைகுறையாகக் கற்றதை யாருக்காவது காட்டாவிட்டால் தூக்கம் வராத பெண். பள்ளி இல்லாத ஒரு சனிக்கிழமை, எங்களோடு இருந்த சித்தி என்னை ராயபுரத்தில் தன் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். கப்பலேறும் கண்டெய்னர் பெட்டிகளின் எடைப் பட்டியலை எக்செல்லில் போட்டு, பெட்டிகளை அடுக்கி ஏற்றும் துறைமுக யார்டுக்கு மெயில் அனுப்புவது அவள் வேலை.

சரக்கின் எடையோடு காலிப் பெட்டியின் எடையைக் கூட்ட வேண்டும். காலி எடை எல்லாவற்றுக்கும் ஒன்றே. அது மேலே E1 கட்டத்தில் ஒரே ஒரு முறை இருந்தது. சித்தி ஒவ்வொரு வரியிலும் B5+E1, B6+E1 என்று கையாலேயே அடிப்பாள். அன்று நாற்பது பெட்டி.

"இன்னா சித்தி நீ! மொத கட்டத்தோட மூலையப் புடிச்சி கீழ இழுத்தா போதும். டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க," என்று மௌஸைப் பிடுங்கி இழுத்தேன். பட்டியல் நிரம்பிவிட்டது.

"அடிப்பாவி! இத்தினி நாளா நான் பேஜாராயிகினு கீறேன்," என்று சித்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். மெயிலை அனுப்பிவிட்டு டீ வாங்கப் போனாள்.

பெருமை தாங்காமல் கட்டம் கட்டமாகத் தட்டிப் பார்த்தேன். முதல் வரியில் E1. அடுத்ததில் E2. அதற்கடுத்து E3. நான் இழுத்தபோது அந்தக் கட்டமும் சேர்ந்தே இறங்கியிருந்தது. E2-விலும் அதற்குக் கீழேயும் ஒன்றுமே இல்லை. முதல் பெட்டி தவிர மற்ற எல்லாம் இரண்டு டன்னுக்கு மேல் இளைத்திருந்தன. E1-க்கு டாலர் குறி போட்டு நகராமல் பூட்ட வேண்டும் என்பது டீச்சரின் அடுத்த வாரப் பாடம்.

அந்த யார்டில் கிரேனுக்குக் கீழே நின்று வேலை பார்ப்பவர் என் அப்பா. லேசான பெட்டி என்று நம்பித் தூக்குவார்கள், கம்பி அறுந்து அவர் தலையில் விழும் என்றே முடிவு கட்டிவிட்டேன். சொன்னால் அடி விழும், சொல்லாவிட்டால் அப்பா செத்துவிடுவார். இதில் எது மேல் என்று ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வருமா? எனக்கு வந்தது. டீயைக் குடித்தேன், பிஸ்கட்டையும் தின்றேன், வாயைத் திறக்கவில்லை.

மூன்று மணிக்கு போன் அடித்தது. நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன். சித்தி எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள், கட்டங்களைத் தட்டிப் பார்த்தாள், குனிந்து என்னைப் பார்த்தாள்.

"நாந்தான் சார் தப்பா போட்டுட்டேன். வேற யாரும் தொடல," என்றாள் போனில்.

"அப்பாவுக்கு இன்னா ஆச்சு சித்தி?" என்று அலறினேன்.

"அவருக்கு இன்னா, குத்துக்கல்லாட்டம் கீறாரு. எட தப்புன்னு பொட்டிங்கள நிறுத்திட்டாங்க. அதுங்கள ஏத்தாமயே கப்பல் பூடுச்சி."

சாயங்காலம் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். கிரேனே எடை பார்க்கும், அளவு மீறினால் தூக்காமல் நின்றுவிடும் என்பது வெகுகாலம் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை சித்தி வேலைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. காலையில் உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

"இனிமே தெனமும் வூட்லயே இருப்பியா சித்தி?"

"ஆமாண்டி," என்று ரிப்பனை இறுக்கிக் கட்டினாள்.

எனக்கு ஒரே சந்தோஷம்.