இரண்டு இடத்திலும் அழித்தவன்

எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபிஸில் நான் கிராணி, கணக்கும் பதிவும் எழுதுகிற குமாஸ்தா. துரைமார் காலத்தில் கிராணி வந்தால் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லாரும் எழுந்து நிற்பார்களாம். இப்போது நான் போனால் நாய்கூட எழுந்திருப்பதில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று மட்டும் கொஞ்சம் நல்ல பேர் உண்டு. அந்தப் பேரால் வந்த வினை இது.

ஆபிஸ் கூரை ஒழுகி, பழைய பிறப்புப் பதிவேடுகள் ஊறிப்போயின. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஆபிஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்துக்கொண்டேன். பூஞ்சை பிடித்த புத்தகங்களை எரித்துவிட்டார்கள்.

அதில் ஒரு பக்கம் பக்கத்து வீட்டு அத்தையுடையது. எழுபது வயதாகியும் அவரிடம் இருப்பது சிவப்பு ஐசி என்கிற அடையாள அட்டை. மலேசியாவில் வசிக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை. இதே எஸ்டேட்டில் பிறந்தவர் என்பதற்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பக்கம்தான். அச்செடுத்துத் தரச் சொல்லி இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிரிண்டரில் மை இல்லை என்று நான் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆபிஸ் கம்ப்யூட்டரில் இடமில்லை, அந்தப் படங்களை அழித்துவிடு என்றார் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டிலிருந்தே இணையம் வழியாக அதற்குள் நுழைந்தேன். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிற வேலை. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஒரு சின்ன வரி நிற்கும். அதற்குப் பேர் பிராம்ப்ட். அதை அழகாக்கும் இலவச மென்பொருள் ஒன்றை இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. எந்தக் கோப்புறை என்று காட்டும், எந்தக் கம்ப்யூட்டர் என்று காட்டாது. கோப்புறைக்கு நான் இரண்டிலும் வைத்திருந்தது ஒரே பேர்.

தேநீர் போட எழுந்து போனேன். மழை வந்து இணைப்பு அறுந்து, திரை என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கே திரும்பியிருந்தது. அறுந்ததைத் திரை ஒரு வரியில் சொல்லியிருந்தது. நான் எங்கே அதைப் படித்தேன்? திரும்பி வந்து அழிக்கும் கட்டளையை அடித்தேன். போனது வீட்டு நகல். தேயிலைத் தோட்டத்தில் தேநீர் குடித்துக் கெட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் ஆபிஸில் பார்த்தால் படங்கள் அப்படியே இருந்தன. நேற்று சரியாக அழிக்கவில்லைபோல என்று அதையும் அழித்தேன். மிகக் கவனமாக.

அன்று இரவு வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து விஷயம் புரிந்ததும் மீட்கிற வழிகளையெல்லாம் முயன்றேன். சில பக்கங்கள் வந்தன. அத்தையின் பக்கம் வரவில்லை.

அத்தை கியா பார்ம் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் கோஸ் உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, உங்க பக்கம் அழிஞ்சிருச்சி. நாந்தான் அழிச்சேன்."

"வீட்ல ஒண்ணு இருக்குன்னியே?"

"அதயும்தான்."

இன்னும் இரண்டு கோஸை உரித்து வைத்தார். "ஒண்ணயாவது விட்டு வைக்கத் தோணலியா, கிராணியாரே?"

"ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருந்திச்சி அத்தை."

"லைன்ல எல்லா வீடும்தான் ஒரே மாதிரி இருக்கு. நீ என்ன என் வீட்லயா வந்து படுத்துக்கற?"

சிரிப்பு மூட்டும் பேச்சுதான். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அந்த மென்பொருளின் நிரலைப் படித்தேன். அது எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. யாரும் திருத்தி அனுப்பலாம், அதைப் பராமரிக்கிறவர்களுக்குப் பிடித்தால் சேர்ப்பார்கள். வேறொரு கம்ப்யூட்டருக்குள் இருக்கும்போது அதன் பேர் சிவப்பில் முன்னால் நிற்கும்படி பதினோரு வரி எழுதினேன். மன்னிப்புக் கேட்டு எழுதிய முன்னுரை அதைவிட நீளம்.

அவர்களில் எங்கோ இருக்கிற ஒருவர் கேட்டார்: இது யாருக்குத் தேவைப்படும்? நகைச்சுவையாகப் பதில் எழுதினேன். அது என் பழக்கம். அனுப்புமுன் அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி நாலு வரியில் எழுதினேன். மறுநாள் அவர், அந்த வரிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் ஒரு சோதனையும் எழுதிச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். அடுத்த வாரமே ஏற்றுக்கொண்டார்கள். பங்களித்தவர்கள் பட்டியலில் என் பேரும் வந்தது.

அத்தையிடம் சொன்னேன். பெருமையா, பாவமன்னிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

"ஒன்ன சேத்துக்கிட்டாங்களா? யாரு அவங்க?"

"தெரியாது அத்தை. முகம்கூடப் பாத்ததில்ல."

"ஐசி கேக்கலியா?"

"இல்ல."

"எங்க பொறந்தேன்னு?"

"கேக்கல."

"நல்ல எடம் லா," என்றார். கத்தி மறுபடி கோஸில் இறங்கியது.

அன்று மாலை ஆபிஸில் உட்கார்ந்து மலாயில் ஒரு சத்தியப் பத்திரம் எழுதினேன். இன்ன பேருக்கு இன்ன பக்கம் பதிவேட்டில் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன், என் கையால் அழித்தேன், இரண்டு இடத்திலும். வேலைக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். அத்தை பிறந்தபோது லைனில் இருந்த இரண்டு பாட்டிமாரும் சாட்சிக்கு வந்தார்கள். நால்வரும் என் காரில் தானா ராத்தாவிலுள்ள பதிவு அலுவலகத்துக்குப் போனோம்.

அதிகாரி என் தாளை இரண்டு முறை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தாளை அத்தையின் குடியுரிமை விண்ணப்பத்தோடு சேர்த்துக் கிளிப் போட்டார்.

"என்னா சொல்றாரு?" என்றார் அத்தை.

"வாங்கிக்கிட்டாரு. பதில் வரும்வர காத்திருக்கணுமாம்."

"அத நல்லாவே செய்வேன்," என்றார் அத்தை.

இதுவரை பதில் வரவில்லை.