பல்லாடியமும் பெருமாளின் நேந்திரங்காயும்

1. உபதேசம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்கள் மேனேஜர் எனக்கு ஞானத்தைக் கொடுத்துவிட்டார். “எந்த கேட்டலிஸ்ட் மக்கர் பண்ணாலும் கொஞ்சம் பல்லாடியத்தை ஏத்துப்பா, ஓடிடும்.” ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிற மாதிரி சொன்னார்.

நாங்கள் செய்த மிஷின் வாழைக்காய் வைக்கும் குளிர்கிடங்குக்கானது. காயிலிருந்து வருகிற எத்திலீன் வாயுதான் பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும். அதை உடனுக்குடன் எரித்துவிட்டால் காய் பச்சையாகவே இருக்கும். எரிக்கிற வேலை சிர்கோனியம் கலந்த சீரியம் ஆக்ஸைடு என்கிற கேட்டலிஸ்ட்டுக்கு, அதாவது வினையூக்கிக்கு. தனியாக விட்டால் அதை நன்றாகச் சூடேற்ற வேண்டும். மேலே பல்லாடியம் என்கிற விலையுயர்ந்த உலோகத்தைத் துளி பூசினால் குறைந்த சூட்டிலேயே சுறுசுறுப்பாகிவிடும். ஆக, மேனேஜர் சொன்னது பொய் இல்லை.

2. ஓடைப்பட்டி

எங்கள் மிஷினை வாங்கிய ஓடைப்பட்டிக் கிடங்கு முதலாளி போன் செய்தார். “சார், ஒங்க மிசினு காயைப் பழுக்காம வைக்கிறதா, பழுக்க வைக்கிறதா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லிருங்க.”

உள்ளே இருந்தது மார்க்கையன்கோட்டை விவசாயி பெருமாளின் அந்த வருஷத்து விளைச்சல் மொத்தமும். ஓணச் சிப்ஸுக்காகக் கேரளா போக வேண்டிய நேந்திரங்காய். பழுத்தால் அங்கே எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லாரி ஏற்றப் பத்து நாள் இருக்கையில் சில தாரில் மஞ்சள் தட்டிவிட்டது.

போனேன். அறைக்கு வெளியே மிஷின் பேனல் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சூடு சரி, ஃபேன் சரி, எல்லாம் சரி, காயைத் தவிர. மேனேஜரைக் கேட்டேன். “டபுள் பண்ணு” என்றார். இரட்டைப் பல்லாடியம் பூசின கேட்டலிஸ்ட் கார்ட்ரிட்ஜ் பஸ் பார்சலில் வந்தது. மூன்று நாள் ராஜாவாட்டம் வேலை செய்தது. நான்காம் நாள் படுத்துவிட்டது.

பெருமாள் வந்தார். “நேத்து நல்லா இருக்குன்னீகளே சார்? கம்ப்யூட்டரு சொன்னா காய் கேக்குமா?”

மறுபடி பேனலையே பார்த்தேன். படித்தவன் அல்லவா.

அதே கிடங்கில் திராட்சை பேக்கிங்கில் இருந்த பாண்டியம்மாதான் கேட்டார்: “சார், ஒரு தடவையாச்சும் உள்ள போய்ப் பாத்தீகளா? அங்கன நின்னாலே தொண்டை கமறுது. திராட்சைப் பெட்டிய அடுக்குனதுல இருந்து இப்பிடித்தேன்.”

“எந்தப் பெட்டி?”

“திராட்சை ரூமு கம்ப்ரசர் ரிப்பேருல்ல? வாழை ரூமுல எடம் சும்மாதான கெடக்குன்னு மொதலாளி அடுக்கச் சொன்னாக.”

கதவைத் திறந்தேன். சுவரோரம் கூரை வரை திராட்சைப் பெட்டிகள். பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கந்தகத் தாள். அதிலிருந்து கசிகிற கந்தக வாயுவுக்குப் பல்லாடியம் என்றால் உயிர். போய் ஒட்டிக்கொண்டால் எத்திலீனுக்கு இடமே கிடையாது. நாங்கள் இரட்டிப்பாகப் பூசினது கந்தகத்துக்கு வைத்த விருந்து.

பெட்டிகளை வெளியேற்றி, அறையைக் காற்றாட விட்டு, பழைய அளவு பல்லாடியத்தோடு புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டேன். ஓடியது. அதற்குள் பாதித் தார் மஞ்சளாகிவிட்டது.

3. ரிப்போர்ட்

‘கிடங்கின் தவறு’ என்று எழுதச் சொன்னார் மேனேஜர். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அத்தனை நாளும் நான்கடி தூரத்துக் கதவைத் திறக்காதவனைப் பற்றி அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரி கிடையாது.

பாதி நிரம்பிய லாரியோடு குமுளி வழியாகக் கேரளாவுக்குக் கிளம்பும்போது பெருமாள் ஒரு பழச் சீப்பை என் பையில் வைத்தார். “சாப்புடுங்க சார், நல்லா இனிக்கும்.” கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் என்னால் நிமிரவே முடியவில்லை.

புதிதாக வருகிற இன்ஜினியர்களுக்கு நான் பல்லாடியத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. முதலில் உள்ளே போய் மூச்சை இழுத்துப் பாருங்கள் என்கிறேன்.