பித்தளைப் பட்டைக்குப் புளி

என் கணவர் ராணுவத்தில் ரயில் பாதை போடப் பயிற்சி கொடுத்தவர். வெட்டவெளியில் தண்டவாளம் போட்டு, அதில் பழைய நீராவி இன்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி அடுக்கிவிடுவார்களாம். மறுநாள் திரும்பவும் போடுவார்களாம். "இதுக்குப் பேரு உத்தியோகமா?" என்று கேட்பேன். "சண்டைன்னு வந்தா தெரியும்" என்பார். சண்டை எங்கள் வீட்டில்தான் வந்தது.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின், எங்கள் ரயில் நிலைய வாசலில் காட்சிக்கு நிறுத்தியிருக்கும் நீராவி இன்ஜின் அவருக்கு வாய்த்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் புளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்க்கச் சொன்னால் முதுகு வலிக்கும். அந்த இரும்பு எருமையின் பித்தளைப் பட்டைகளை மட்டும் முகம் தெரியும்வரை தேய்ப்பார். வெளியூரிலிருந்து பெயின்ட் அடிக்க வருகிறவரோடு தவறாமல் ஒரு சத்தம் உண்டு: பித்தளையில் பிரஷ் படக்கூடாது.

இந்த ஆடியில் அவர் போய்விட்டார், தூக்கத்திலேயே. எனக்கு அழுகை வரவில்லை. கருமாதி அன்றும் வரவில்லை. பந்திக்கு இலை போதுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்த நாத்தனார், "இப்படிக் கல்லு மாதிரி இருக்காதீங்க அண்ணி. ஒரு தடவை அழுதுடுங்க, பயமா இருக்கு" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அழ முயன்றுகூடப் பார்த்தேன். கொட்டாவி வந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், யாரும் சொல்லாமலே, புளியை உருட்டி எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. வீட்டில் இருந்திருந்தாலும் அப்படியேதான் இருந்திருப்பேன். பெயின்டர் ஏணியில் நின்று கறுப்பு அடித்துக்கொண்டிருந்தார். பித்தளைப் பட்டைகளில் மட்டும் கை வைக்கவில்லை.

"வாங்கம்மா. சார் வரலீங்களா? திட்டுவாருன்னு பட்டையத் தொடாம வச்சிருக்கேன்."

ஊருக்கெல்லாம் தகவல் சொன்னது மகனும் நாத்தனாரும். என் வாயால் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"வரமாட்டாருங்க."

"ஏம்மா, உடம்புக்கு முடியலீங்களா?"

"செத்துப்போயிட்டாரு" என்றேன்.

என் குரல் என் காதில் விழுந்தது. டிக்கெட்டுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, இன்ஜின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.