பூட்டிய வீட்டுக்குப் பாதி வரி

கீழப்பருத்திக்குடியில் ஐயாவுக்கு இரண்டு வீடு. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று. இரண்டிலும் ஒரு செங்கல்கூட அடுத்தவன் காசில் வந்ததில்லை. மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவர், நாற்றுக்கட்டு சுமந்து சுமந்தே உச்சந்தலை வழுக்கையானவர், குத்தகைக்கு உழுத நிலத்தையே பின்னால் விலைக்கு வாங்கியவர். சந்தேகமிருந்தால் வெண்ணாற்றங்கரையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம்.

அவர் அப்பா பண்ணையாள். கூலி உயர்த்திக் கேட்டுச் செங்கொடி நட்ட வருஷம், மிராசுதாரின் ஆட்கள் வந்து குடிசையைப் பிரித்து வாய்க்காலில் வீசினார்கள். "மனை எங்க பண்ணையோடது. உன் பேர்ல சீட்டு இருந்தா காட்டுடா" என்றார்கள். அப்பாவிடம் காட்டுவதற்கு வெறுங்கைதான் இருந்தது. பிறகு குடியிருக்கிறவனுக்கே மனை என்று சட்டம் வந்தது, பட்டா வந்தது. மிராசுதார் எந்த மந்திரியைப் பிடித்தும் அதை அசைக்க முடியவில்லை. அன்றைக்கு ஐயாவு மனசில் ஒன்று முளையடித்தாற்போல் இறங்கியது: சட்டம் வளையாமல் நின்றதால்தான் நம் தலைக்கு மேல் கூரை நிற்கிறது. அதிலிருந்து ஊரில் வீட்டு வரி கட்டுகிற முதல் ஆள் அவர்தான்.

வார்டு உறுப்பினரானதும் ஊராட்சியில் ஒரு தீர்மானம் போட வைத்தார். பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்ப் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்த காலம். பூட்டிய வீட்டுக்குப் பாதி வரி; ஆனால் குழாயை அடைத்துவிட வேண்டும். புருஷன் பெண்டாட்டிக்கு எத்தனை வீடு இருந்தாலும் குடியிருப்பது ஒன்று என்றுதான் கணக்கு. இன்னொன்றில் அடுப்பு எரிந்தால் முழு வரி கட்டி, ரசீது வாங்கிய பிறகே தண்ணீர். ஊரே தலையாட்டியது. ஐயாவு தன் மூத்த மகனுக்கென்று கட்டிய எதிர்வீட்டுக் குழாயைத்தான் முதலில் அடைக்கச் சொன்னார். சொல்கிறவன் செய்து காட்ட வேண்டும் அல்லவா?

கொரோனா வந்தது. பங்காளி மகன் செல்லதுரைக்குக் காய்ச்சல் கண்டதும், மனைவி செவ்வந்தியை வீட்டில் விட்டுவிட்டு, செத்துப்போன அம்மாவின் பூட்டிய வீட்டில் போய்ப் படுத்தான். தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டர் இளையபெருமாள் இரக்கப்பட்டு, ரசீது கேட்காமல் குழாயைத் திறந்துவிட்டான். ஐயாவு காதுக்குப் போயிற்று. நேரே ஊராட்சி அலுவலகம் போய் நின்று அடைக்க வைத்தார்.

"பெரியப்பா, நான் என்ன சின்ன வீடா வச்சிருக்கேன்? எம் பொண்டாட்டிக்கு ஒட்டக் கூடாதுன்னு ஒதுங்கிக் கெடக்கேன்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான் செல்லதுரை.

"வரியக் கட்டிட்டு ஒதுங்கிக்கடா. யாரு வேணாங்குறா?"

செல்லதுரை பிழைத்துக்கொண்டான். செவ்வந்தி மட்டும் அதன் பிறகு ஐயாவைக் கண்டால் முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

அடுத்த கோடையில் ஐயாவு மனைவி ரெங்கம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது.

ஐயாவு சர்க்கரைக்காரர். அதனால் அவள் யாரையும் கேட்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போய்விட்டாள். ஐயாவு அந்த நிமிஷமே முழு வரிப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். கதவு சாத்தியிருந்தது. எழுத்தருக்கும் காய்ச்சல், குடும்பத்தோடு மன்னார்குடியில் கிடந்தார். ரசீது போட ஆள் கிடையாது.

இளையபெருமாள் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னான்: "அண்ணே, வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. திறந்து விட்டுடறேன். ரசீதை அவரு வந்து போட்டுக்கட்டும்."

"போன வருஷம் செல்லதுரைக்கு அடைச்சது யாரு?"

"நீங்கதான்."

"அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தெருவுல நடப்பேன்?"

"அண்ணி உடம்புக்கு முடியாமக் கெடக்குறாங்கண்ணே!"

"தண்ணிதானே? நான் சுமக்குறேன். சுமக்காத தலையா இது?"

சுமந்தார். ஆற்றில் மணல்தான் கிடந்தது. மேட்டூர் அணை திறக்கிற நாள் இன்னும் வரவில்லை. தெருக்கோடி அடிபம்பில் அடித்துக் குடம் குடமாய் எடுத்துவந்து எதிர்வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நிற்பார். ரெங்கம்மாள் கதவைத் திறந்து, குடத்தை இடுப்பில் ஏற்றாமல் தரையோடு தரையாக நகர்த்தி உள்ளே கொண்டுபோவாள்.

"இந்தாங்க, உங்க சட்டமா எனக்குத் தாலி கட்டுச்சு? நீங்கதானே கட்டுனீங்க?" என்று ஒருநாள் கதவிடுக்கில் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"எழுத்தரு வந்துருவாரு. அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டுக் கெட."

அவள் வாயை மூடிக்கொண்டுதான் கிடந்தாள். ஐயாவுக்குத் தெரியாதது அதுதான். கக்கூசுக்குப் போனால் ஒரு வாளி ஊற்ற வேண்டும். அந்த வாளிக்கு மனுஷர் இன்னொரு நடை நடக்க வேண்டும், வெயிலோ கொளுத்துகிறது, அவருக்கோ சர்க்கரை. நாள் முழுக்க நடவு வயலில் குனிந்து நின்ற காலத்தில் ஒதுங்க மறைவில்லாமல் அவள் பழகிய வழக்கம் ஒன்று உண்டு. தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டால் ஒதுங்க வேண்டி வராது. அந்தக் காய்ச்சலிலும் அதையே செய்தாள். குடத்துத் தண்ணீர் உள்ளே தீராமல் கிடக்க, "போதும் போதும், இன்னிக்கு வேணாம்" என்பாள். அவரும் நம்பினார்.

ஒரு காலை அவர் போனபோது முந்தின நாள் வைத்த குடம் வாசற்படியிலேயே இருந்தது. தளும்பத் தளும்ப, வைத்தது வைத்தபடி.

ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போயிற்று. உடம்பில் ஒரு சொட்டு ஈரமில்லை, சிறுநீரகம் நின்றுபோய் வெகுநேரம் ஆகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "குடிக்கத் தண்ணி குடுத்தீங்களா இல்லியா?" என்று ஒரு நர்சம்மா கேட்டாள். ஊரில் எவனும் ஐயாவை நிற்கவைத்துக் கேள்வி கேட்டதில்லை. மூட்டையாகக் கட்டிய உடம்பை, முகம்கூடக் காட்டாமல், அவர்களே கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

காந்தி ஜெயந்திக்குக் கிராம சபை கூடியது. வெகுநாள் கழித்துக் கூடுகிற சபை. பள்ளிக்கூட மைதானத்தில் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். செவ்வந்தி எழுந்தாள். செல்லதுரை போன வருஷம் தன் அம்மா வீட்டில் படுத்துக் கிடந்ததற்காக இரண்டு வீட்டுக்கும் முழு வரி கேட்டு நோட்டீஸ் வந்திருந்தது.

"நோய்க்காகப் பிரிஞ்சு கெடந்த புருஷன் பொண்டாட்டி ரெண்டு குடும்பமாகிடுவாங்களா? நாங்க ஒரே குடும்பம்தானே?" என்றாள்.

தலைவர் ஆனந்தவல்லி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நோய்க் காலத்துல தம்பதி தனித்தனியா இருந்தா, ரெண்டாவது வீட்டுக்குப் பாதி வரியே போதும், தண்ணியும் உடனே உண்டுன்னு மாத்திடலாம். ரெங்கம்மா அத்தை நினைவா."

ஐயாவு எழுந்தார். "மாத்தக் கூடாது."

எல்லாரும் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தார்கள்.

"இன்னிக்குப் பாவப்பட்டவனுக்குன்னு வளைப்பீங்க. வளைஞ்சு பழகினது நாளைக்குப் பெரிய வீட்டுக்கு வளையும். வளையாம நின்னதாலதான் எங்கப்பனுக்கு மனை கெடைச்சுது. ஏழைக்கு இருக்குறது அது ஒண்ணுதான்."

"அன்னிக்குக் கொஞ்சம் வளைஞ்சிருந்தா அத்தை இன்னிக்கு இங்க உக்காந்திருப்பாங்க மாமா" என்றாள் செவ்வந்தி. குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவரை அதிகம் குத்தியது.

"எம் பொண்டாட்டி பேரை எடுக்காத."

கை தூக்கச் சொன்னார்கள். ஆண்களும் பெண்களுமாக மைதானம் முழுக்கக் கைகள் எழுந்தன. இத்தனை சுலபமா இது? நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைத் தூக்கினால் வளைந்துவிடுகிற சட்டமா அது? அப்படியென்றால் அன்றைக்கு இளையபெருமாள் கேட்ட ஒரு வார்த்தைக்கும் அது வளைந்திருக்கும். அதை மட்டும் ஐயாவு ஒத்துக்கொள்ள முடியாது. ஒத்துக்கொண்டால் பிறகு அந்தத் தெருவில் அவர் எப்படிக் குடியிருப்பார்? இரண்டு கையையும் முழங்காலுக்கடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தீர்மானம் நிறைவேறியது.

கூட்டம் கலையும்போது இளையபெருமாள் பக்கத்தில் வந்தான். "அண்ணே, பெரியவன் வீட்டுக் குழாயையும் திறந்து விட்டுடவா? இப்பதான் சட்டமே இருக்கே."

ஐயாவு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அங்க யாருடா இருக்கா? பூட்டுன வீடு. பாதி வரிதான்."

சொல்லிவிட்டு, அந்தப் பாதியைக் கட்டுவதற்கு எழுத்தரின் மேசையைப் பார்த்து நடந்தார். வரிசையில் அவர்தான் முதல் ஆள்.