வெளுத்த எண்ணெய்

போன வாரம் மருமகனின் காரில் வேலூர் போய்க்கொண்டிருந்தோம். பள்ளிகொண்டா பக்கம் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. ரோட்டோர ஷெட்டின் மெக்கானிக் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெயிலில் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பால் ஜாஸ்தியான டீ மாதிரி வெளுத்து நுரைத்திருந்தது.

"தண்ணி எறங்கிருக்கு சார். இஞ்சின் ஹெட்ட தொறந்து பாக்கணும்" என்றார். அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நான் அந்தக் கம்பியைக் கேட்டு வாங்கி மோந்து பார்த்தேன். மருமகனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா மாமா, கெட்டுப்போச்சான்னு பாக்கறீங்களா?" என்றார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மோந்திருக்க வேண்டியதை இப்போது மோக்கிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

மூக்கு என்றதும் ஆம்பூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரயிலில் தூங்கிக்கொண்டு வருகிறவன்கூட ஆம்பூர் வந்தால் எழுந்துவிடுவான் என்று அந்தக் காலத்தில் கேலி பேசுவார்கள். சுண்ணாம்புத் தொட்டி, ஊறுகிற தோல், ஆவாரம்பட்டை, மீன் எண்ணெய், எல்லாம் சேர்ந்த வாசனை. கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி மூன்று நாள் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. நாலாம் நாள், "நாத்தம் போயிட்சிங்க" என்றாள். நாற்றம் எங்கே போகும்? அவள் மூக்குதான் போயிருந்தது. என்னுடையது அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஜோலார்பேட்டை ரயில்வே ஷெட்டில் நாலு வருஷம் இரும்பு தட்டிவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு மண்டிக்கு ஃபிட்டராக வந்தேன். பாய்லரும் பம்பும் என் பொறுப்பு. ரயில்வேக்காரன் என்ற மிதப்பில், மண்டியின் ஒரே லாரியையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டிவிட்டேன். ரயில் இஞ்சின் தெரிந்தவனுக்கு லாரி இஞ்சின் எம்மாத்திரம் என்ற நினைப்பு. பட்டபிறகுதான் தெரிந்தது.

லாரி ஓட்டியவர் மஸ்தான் பாய். ஒடுகத்தூர் மலையடிவாரத்திலிருந்து ஆவாரம்பட்டை ஏற்றி வருவார். முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். அந்த ஹேண்டிலைத் துடைத்துத் துடைத்து வெள்ளிப் பாத்திரம் மாதிரி வைத்திருப்பார். என்னை "தோஸ்து" என்றுதான் கூப்பிடுவார். மத்தியானத்தில் அவர் வீட்டுக் குழம்பும் என் வீட்டுக் கேழ்வரகுக் களியும் ஒரே தட்டில் கலக்கும்.

ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். "தோஸ்து, ரேடியேட்டர்ல தண்ணி நிக்கவே மாட்டேன்து. நொர வேற வர்து. கொஞ்சம் தொறந்து பாரேன்." நான், "மலப்பக்கம் போற வண்டி தண்ணி குடிக்காம இன்னா பண்ணும், பாய்?" என்று தட்டிக் கழித்துவிட்டேன். திறக்க எனக்கு மனசில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒருநாள் எண்ணெய் மாற்ற அடைப்பைக் கழற்றினேன். வெள்ளையாக, கொழகொழவென்று இறங்கியது. அந்த நேரம் பார்த்து முதலாளி சாயபு பக்கத்தில் நின்றிருந்தார். எங்கள் மண்டியில் புதுமாதிரியாகத் தோல் பதம் செய்து பார்த்த காலம் அது. தோல் மெத்தென்று வர, மீன் எண்ணெயையும் சோப்பையும் வெந்நீரில் அடித்துக் கலக்குவார்கள். அசல் பால் மாதிரியே இருக்கும். அந்தத் தொட்டி லாரி நிற்கிற இடத்துக்குப் பத்தடி தள்ளி இருந்தது. இஞ்சின் எண்ணெய் டின்கள் இருந்த அறைச் சாவியோ மஸ்தான் பாயிடம்.

"இன்னா ஃபிட்டரே, நம்ம தொட்டிப் பால் மாதிரி கீதே? நல்ல எண்ணெய எடுத்துட்டு இத ஊத்தினுகிறானா?"

வேறு ஊரில் யாருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்காது. எனக்கும் வந்ததா என்றால், முழுதாக வரவில்லை. ஆனால், "அப்படித்தான் தெரியுது மொதலாளி" என்று என் வாய் சொன்னது. மோந்து பார்த்திருந்தால் மீன் வாடை இல்லை என்று தெரிந்திருக்கும். மூக்குதான் செத்துவிட்டதே என்று இத்தனை காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன்.

மஸ்தான் பாயைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் முதலாளியைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, "நீ சொல்லு தோஸ்து. தண்ணி எங்க போவுதுன்னு தெனம் கேட்டேனே, இல்லயா?" என்றார். நான் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.  பிறகு ஹேண்டிலை என் காலடியில் வைத்துவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு நடந்துவிட்டார். அன்று நாங்கள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

புது டிரைவர் வந்தார். புது எண்ணெய் ஊற்றினேன். எட்டாம் நாள் அதுவும் வெளுத்தது. ஒரு சொட்டைக் காய்ந்த இரும்பில் விட்டேன். சடசடவென்று தெறித்தது. தண்ணீர்தான். ஹெட்டைத் திறந்தேன். இதற்கு இரண்டு மாதம் முன்பு கரி சுரண்ட இதே ஹெட்டை நான் திறந்திருந்தேன். தண்ணீரும் எண்ணெயும் கலக்காமல் ஹெட்டுக்கு அடியில் வைக்கிற தகடுதான் கேஸ்கட். புது கேஸ்கட் மெட்ராஸிலிருந்து வரப் பதினைந்து நாள் ஆகும், முதலாளி கத்துவார் என்று, பழையதையே சுத்தியால் தட்டி நிமிர்த்திப் போட்டிருந்தேன். நான் தட்டிய அதே இடத்தில் விட்டுப்போயிருந்தது.

புது கேஸ்கட் வரவழைத்துப் போட்டேன். முதலாளியிடம், "பழசாயிட்டிருந்தது" என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி ஒரு ஜட்கா வண்டியில் ஏறினேன். ஓட்டியவர் மஸ்தான் பாய். அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. வண்டி பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. பாலத்தின் நடுவில், திரும்பாமலே கேட்டார்.

"எண்ண இன்னும் வெளுக்குதா?"

"இல்ல பாய். இப்ப நல்லா கீது."

மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார். இறங்கி நின்ற பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. அவர் போனதும் எண்ணெய் சரியாகிவிட்டது என்றல்லவா சொல்லியிருக்கிறேன்? இரண்டாம் தடவையும் அவரைத் திருடனாக்கிவிட்டேன். "தப்பு என்னுது பாய்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் குதிரை திரும்பிவிட்டது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

பிறகு தேடிப் போனபோது, குடியாத்தத்தில் மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டது என்றார்கள். காட்பாடியில் இப்போது ஜட்காக்கள் இல்லை. அந்த மண்டி இருந்த இடத்தில் ஒரு சுவர் மட்டும் நிற்கிறது. பாலத்தின் கீழே வெறும் மணல். ஹேண்டில் போட்டு வண்டி கிளப்புகிறவர்களும் இல்லை. அந்த ஹேண்டில் கடைசியில் எங்கே போனது என்றுகூட எனக்குத் தெரியாது.

மத்தியானத்துக்குள் மெக்கானிக் ஹெட்டைத் திறந்துவிட்டார். கேஸ்கட்டை எடுத்து எங்களிடம் காட்டினார். "பாருங்க சார், பழசயே தட்டிப் போட்டுகிறான் எவனோ."

"எவன் அவன்?" என்று மருமகன் கோபப்பட்டார்.

"நான்தான்" என்றேன்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.