சில்லுக்குக் கிடைத்த ஓய்வு

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். டேட்டா சென்டர்களுக்கான ஃபிளாஷ் டிரைவ் வடிவமைப்பது என் வேலை. நகமளவு சில்லுக்குள் எவ்வளவு தகவலைத் திணிக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் அது தேயும். சில்லுக்குள் தகவல் பதியும் சின்னச் சின்னப் பகுதிகள்தான் பிளாக்குகள்; ஒரே பிளாக்கில் திரும்பத் திரும்ப எழுதினால் அது செத்துவிடும். அதனால் எழுதும் பாரத்தை எல்லா பிளாக்குகளுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதி என் தலையில் விழுந்தது.

எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. பழவேற்காடு ஏரியில் எங்கள் குப்பத்துக்குப் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. நல்ல இறால் விழும் இடத்தில் யார் வலை கட்டுவது என்பது முறை வைத்து வரும்; முறை வந்தால் சில நாள் அந்த இடம் அவருடையது. யாருக்கும் கூடுதல் இல்லை, குறைச்சலும் இல்லை. அதையே புரோகிராமாக எழுதிக் கொடுத்தேன். அதில் பெருமை வேறு.

சோதனையில் டிரைவ்கள் வரிசையாகப் படுத்தன. எல்லா பிளாக்கும் ஒரே பலத்தோடு வருவதில்லை; நலிந்தவை சம பாரம் தாங்காமல் முதலில் போயின. "இதுகூடவா தெரியாது?" என்றார் மேலாளர், எல்லார் முன்னாலும். பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். நலிந்ததற்கு முறையைக் குறைத்து, தெம்பானதற்குக் கூட்டினேன். மறுபடி சோதனைக்குக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன்.

என் அப்பா, நைனா, வலைக்கம்புகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார், இடது கையால். வலது தோள் பிசகி, பாரமே தூக்கக் கூடாது என்று பொன்னேரி டாக்டர் சொல்லியிருந்தார்.

"இன்னா நைனா இது? கை போயிடும்!"

"போவலன்னா முறை பூடும்மா. திரும்பி வர எத்தினி நாளாவும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே ஊர்த் தலைவரிடம் போனேன்.

"மாமா, தோள் ஆறுற வரைக்கும் நைனா முறைய நிறுத்தி வைங்க. ஆறினதும் குடுங்க."

"முறைன்னா அல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. ஆம்பளப் புள்ள இருந்தா அனுப்பச் சொல்லு."

"நான் இருக்கேன். நான் வலை கட்டுறேன்."

அவர் சிரித்தார். "பொம்பளைக்கு ஏதும்மா பாடு?"

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. நான் கரைக்குத் திரும்புவதற்குள் நைனாவின் படகு போய்விட்டிருந்தது.

திங்கட்கிழமை டிரைவ்கள் தேறின. மேலாளர் கைகொடுத்தார். நலிந்த பிளாக்குகளுக்கு ஓய்வு கொடுக்க எனக்கு நாலு வரி கோட் போதுமாக இருந்தது. மத்தியானம் அம்மா போன் செய்தாள்.

"கை தூக்கவே வரலைன்றாரு. நாளைக்கும் நம்ம முறைதான்னு வலைய எடுத்து வெச்சிருக்காரு."