ஓரகத்தியின் புளித்த டீ

என் கணவருக்கு வயிறு கெட்டு எட்டு வருடம் இருக்கும். சாப்பிட்டதும் நெஞ்சு எரியும். காலையில் வயிறு சுத்தமாகாது. சீரகத் தண்ணீர், ஊற வைத்த வெந்தயம், பெருங்காயம் போட்ட மோர் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து கொடுத்தேன். குடிப்பார், டம்ளரைக் கீழே வைப்பார். வயிற்றுக்குக் கேட்டது, கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்ததில்லை.

பெங்களூரில் இருந்த அவர் தம்பி, குடும்பத்தோடு அதியமான்கோட்டைக்கே திரும்பி வந்து எங்கள் பக்கத்து வீட்டில் குடியேறினார். என் ஓரகத்தி என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பாள். வந்த வாரமே சமையல் மேடையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை வைத்து, அதன் வாயைத் துணியால் கட்டியிருந்தாள். உள்ளே பால் சேர்க்காத டீ. அதன்மேல் இளநீர் வழுக்கை போல ஒரு படலம் மிதந்தது.

கொம்புச்சா என்று பெயர் சொன்னாள். சர்க்கரை போட்ட டீத்தண்ணீரை ஆறவைத்து, அந்தப் படலத்தைப் போட்டு மூடினால் பத்து நாளில் புளித்துவிடுமாம். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான், வயிற்றுக்கு நல்லது என்றாள். எனக்கு ஒரு டம்ளர் நீட்டினாள். இப்போதுதான் காபி குடித்தேன் என்று பொய் சொல்லிவிட்டேன்.

என் கணவர் வாங்கிக் குடித்தார். மறுநாளும் போனார். அப்புறம் தினமும் காலையில் பல் துலக்கிய கையோடு அங்கேதான். நான் போடும் டீ ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் சிரிப்பது கேட்கும். அவர் என்னோடு அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டே பாத்திரம் தேய்ப்பேன்.

மூன்றாவது வாரம், சாப்பிட உட்கார்ந்தவர் தானாகவே சொன்னார்.

"வயிறு இப்பத்தான் லேசா இருக்குது. அந்தப் புள்ள குடுக்கறது நல்லா கேக்குது."

எட்டு வருடம் நான் வெந்தயம் ஊற வைத்தது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அது அவளுக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து போனில் அந்த டீயின் குறைகளையே தேடினேன். புளிக்கும்போது அதில் துளி ஆல்கஹால் உண்டாகும் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. துளி என்பதை விட்டுவிட்டு, அதில் போதை இருக்கிறதாம் என்று எதிர்வீட்டு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். இரண்டே நாளில் அது என் மாமனார் காதுக்குப் போயிற்று. அவர் குடிகாரர்களைத் தின்னும் பார்வை பார்ப்பவர். சின்ன மருமகளைக் கூப்பிட்டு, அந்த ஜாடி வீட்டில் இருக்கக் கூடாது என்றார். அவள் எவ்வளவோ விளக்கிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

அவள் ஜாடியை முருங்கை மரத்தடியில் கவிழ்ப்பதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கையைக்கூடக் கழுவாமல் அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"நீங்க சொன்னீங்களாக்கா?"

"போன்ல அப்படித்தான் போட்டிருந்துச்சு" என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா." திரும்பிப் போனவள் ஒரு மாதம் என் வாசலை மிதிக்கவில்லை.

அந்த மாதம் முழுக்க நான் காத்திருந்தேன். கணவரின் வயிறு மறுபடி கெடும், என்னிடம் வருவார் என்று. கெடவில்லை. தருமபுரியில் வழக்கமாகக் காட்டும் டாக்டரிடம் போனபோது அந்தப் புளித்த டீயை நிறுத்தியும் வயிறு ஏன் கெடவில்லை என்று நானே கேட்டேன். முன்பு ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீர்கள் என்று டாக்டர் அவரைக் கேட்டார். வீட்டில் ஐந்து, வெளியில் இரண்டு என்றார். இப்போது ஒன்றுதானாம். புளித்ததைக் குடித்துப் பழகியதில் பால் டீயில் ஆசை போய்விட்டதாம்.

புளித்த டீ சிலருக்கு ஒத்துக்கொள்ளலாம், அதனால்தான் சரியானது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது மருந்தில்லை, சுத்தமாகச் செய்தால் ஒரு சின்ன டம்ளர் குடிப்பதில் தப்பில்லை, சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்த்துக் குடிக்க வேண்டும் என்றார். ஆனால் வெறும் வயிற்றில் குடித்த அந்த ஸ்ட்ராங் டீயை விட்டதுதான் பெரிய காரணமாக இருக்கும் என்றார்.

அந்த ஐந்து டீயும் நான் போட்டுக் கொடுத்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர், "அந்தப் புள்ளயாலதான் டீய உட்டேன் பாரு" என்றார். அங்கேயும் அவளுக்கே பெயர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமனாரிடம் போய், டாக்டர் சொன்னதையும் நான் கூட்டிச் சொன்னதையும் சொல்லிவிட்டேன். சின்னவளை மறுபடி ஜாடி வைத்துக்கொள்ளச் சொல் என்றார். ஓரகத்தி பெங்களூர் தோழியிடம் அந்தப் படலத்தில் ஒரு துண்டு வாங்கி மறுபடி ஜாடி வைத்தாள். முதல் டம்ளரை என்னிடம்தான் நீட்டினாள். மூக்கில் ஏறுகிற புளிப்பு. என் வயிற்றில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை.

இப்போது காலையில் அவர் அந்தப் பக்கம் கிளம்பினால் நானும் கூடவே கிளம்பிவிடுகிறேன். அக்காவுக்கும் இது பிடித்துவிட்டது என்று அவள் எல்லோரிடமும் சொல்கிறாள். நான் மறுப்பதில்லை.